காஞ்சிக் கடைவீதியின் முகம்

நமது பழைய நகரங்களின் கடைவீதிகளுக்குப் புதிய முகம் கொடுக்கவேண்டுமென்ற எண்ணம் தேசமெங்கும் பரவியிருக்கிறது. அமிர்தசரஸில் பொற்கோயிலுக்குச் செல்லும் வீதி 2016-ல் இவ்விதம் மாற்றியமைக்கப்பட்டது. டில்லியில் சாந்தனி சௌக் 2021-ல் புதுக்கோலம் பூண்டது. அதே வருஷம் காசியில் விசுவநாதர் கோயிலுக்குப் போகும் சாலையிலுள்ள கட்டிடங்களுக்கெல்லாம் ஒரே வர்ணம் பூசப்பட்டது. காஞ்சிபுரமும் இதற்கு விலக்கல்ல. 2015 ஜனவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய "ஹிருதய்" என்னும் பாரம்பரிய நகர அபிவிருத்தித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட 12 நகரங்களில் காஞ்சியும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த மற்றொன்று வேளாங்கண்ணி. மொத்தத் தொகையான 500 கோடி ரூபாயில் காஞ்சிக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 23 கோடி. 2019 மார்ச்சில் அத்திட்டம் முடிவெய்திற்று. புராதனச் சின்னங்களைச் சுற்றியுள்ள நகர வசதிகளைச் சீர்செய்வதே அதன் நோக்கம். தனி மனிதனுடைய கடை முகப்பு அதன் கவலையன்று. ஆகவே, சர்க்கார் பணம் வந்து போன பின்னரும், காந்தி ரோட்டிலும் ராஜ வீதிகளிலும் கடைகளின் முகம் எப்படியிருக்கவேண்டும் என்ற கேள்வி விடையின்றியே நிற்கிறது.

பொதுவில் விடை காணாத கேள்விக்குப் பணமுள்ளவன் தானே ஒரு விடை செய்துகொள்வான். காஞ்சியில் நடப்பது அதுதான். திண்ணையும் மரத்தூணும் நாட்டு ஓட்டுத் தாழ்வாரமும் கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து, அவற்றினிடத்தில் கண்ணாடியாலும் பளபளக்கும் அலுமினியத் தகட்டாலும் முகம் மூடிய மாடிக் கட்டிடங்கள் எழுகின்றன. சென்னைத் தியாகராய நகரத்திலிருந்து ஒரு கட்டிடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நட்டால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரம் கோயில் நகரமென்று உலகம் அறிந்து தேடிவரும் ஊரில், ரெயிலிலும் பஸ்ஸிலும் வந்திறங்கும் யாத்திரிகன் முதலில் காண்பது எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சியையே.

இதைக் குறித்துப் பேசப் புகுந்தால், ஒரு சாரார் உடனே ஆட்சேபிப்பார்கள். நெசவாளி வயிறு காய்ந்து கிடக்கையில் கடைக்கு வர்ணம் பூசுவதைப் பற்றிப் பேசுவது பணக்காரப் பேச்சல்லவா என்பார்கள். இது நியாயமான ஆட்சேபம். இதற்குப் பதில் சொல்லாமல் மேலே செல்வது சரியல்ல. நாம் கடையின் முகத்தைப் பற்றிப் பேசுவது அழகுக்காக மட்டுமன்று. எந்தச் சரக்கு, யார் கையால், எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்பதை வாங்குகிறவனுக்கு முதலில் தெரிவிப்பது கடையின் முகப்பு. அந்த முகப்பு உண்மை சொன்னால் நெசவாளிக்கு லாபம். பொய் சொன்னால் நஷ்டம் அவனுக்கே. முகப்புச் சீர்திருத்தமென்பது இந்த ஒரு கேள்வியைத் தொடாமல் தீராது.

பழைய முகப்பு எப்படியிருந்தது என்பதைச் சற்று நிதானித்து நோக்குவோம். வீதிக்கும் வீட்டுக்கும் நடுவே தாழ்வாரம். அது வெயிலையும் மழையையும் தடுத்தது. அதனுள் திண்ணை, வழிப்போக்கன் உட்கார்ந்தான், பேரம் நடந்தது, நெசவாளி சேலையைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். உள்ளே நீண்ட கூடத்தில் குழித்தறி. வீதியே ஒரு தொழிற்கூடம். விடியற்காலையில் பாவை நீள நீட்டிக் கஞ்சி ஏற்றிக் காயவைக்கும் வேலைக்கு வீதியைவிட நீளமான கூடம் எந்த வீட்டில் உண்டு? பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வாசலும் வீதியும் தறியின் அங்கங்களாகவே இருந்துவந்தன. ஆகவே நம்முடைய பழைய முகப்பு வெறும் அலங்காரமன்று. வெயிலுக்கும் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் ஒருங்கே ஏற்பட்ட ஏற்பாடு அது.

இதே ஏற்பாட்டை அந்நிய ஆட்சியிலும் மதித்தவர்கள் இருந்தார்கள். சிங்கப்பூரில் ராபிள்ஸ் 1822-ல் வகுத்த நகர அமைப்பில், ஒவ்வொரு கடையும் வீதியோரம் தொடர்ந்து செல்லும் மூடிய நடைபாதையை விடவேண்டுமென்று விதித்தார். இன்றைக்கும் சிராங்கூன் ரோட்டில் நம்மவர் கடைகளின் முன்னே மழையில் நனையாமல் நடக்க முடிவது அவ்விதியின் பயன். சிராங்கூன் ரோடு அடங்கிய "லிட்டில் இந்தியா" வட்டாரத்தை 1989-ல் அந்நாட்டுச் சர்க்கார் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தது. அங்கே விதி வைத்துக் காப்பாற்றியதை, விதியில்லாமலே பெற்றிருந்த நாம் இங்கே தாமாகவே இடித்துத் தள்ளுகிறோம்.

தாழ்வாரத்தை இடித்து வைத்த கண்ணாடி என்ன செய்கிறது? சித்திரை வெயிலை உள்ளே இழுத்து அடைக்கிறது. அதை வெளியேற்ற நாள் முழுதும் குளிர்யந்திரம் ஓடவேண்டும். மின்சாரச் செலவு சேலை விலையில் ஏறும். அலுமினியத் தகடென்று நாம் சொல்வதில் பெரும்பாலும் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் இருக்கும். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்பெல் கோபுரம் என்னும் குடியிருப்பு எரிந்து 72 பேர் மாண்டார்களே, அங்கே தீயை மாடிக்கு மாடி ஏற்றிச் சென்றது இந்த ஜாதித் தகடுதான். பட்டும் நூலும் அட்டைப் பெட்டியும் நிறைந்த கடையின் மேல் அதைப் போர்த்துவது எவ்வளவு விவேகமான காரியம் என்று தீயணைக்கும் இலாகாவைக் கேட்டால் தெரியும்.

கண்ணாடி கூடாதென்றால் உடனே வேறொரு வழி சொல்கிறவர்கள் வருவார்கள். வீதி முழுவதற்கும் ஒரே மாதிரியான முகப்பை சர்க்கார் செலவில் ஒட்டிவிடலாம் என்பார்கள். அமிர்தசரஸில் செய்யப்பட்டது ஏறக்குறைய இதுவே. பழைய முகங்களின் மேல் புதிய முகமூடி ஏறிற்று, பார்க்க ஒழுங்காயிருக்கிறது, ஆனால் எந்த வீடு எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே வயதாகிவிட்டன. காசியில் ஒரே வர்ணம் பூசப் புகுந்தவர்கள் வழியிலிருந்த மசூதி ஒன்றுக்கும் அதையே பூசிவிட்டார்கள்; ஆட்சேபம் கிளம்பியதும் மறுபடி வெள்ளையடிக்கவேண்டி வந்தது. கேளாமல் பூசினால் வருவது இத்தகைய வினைதான். ஜயபுரத்தை உதாரணம் காட்டுகிறவர்கள், அந்நகரம் 1727-ல் ஸ்தாபிக்கப்பட்டபோதே கடைவீதிகள் ஒரே அளவில் திட்டமிட்டுக் கட்டப்பட்டவை என்பதை மறந்துவிடுகிறார்கள். அங்கே ஒற்றுமை இயல்பானது. காஞ்சியோ பல்லவர் காலம் முதல் நாயக்கர் காலம், கம்பெனிக் காலம் என்று அடுக்கடுக்காக வளர்ந்த ஊர். சின்னக் காஞ்சியின் முகம் ஒன்று, பெரிய காஞ்சியின் முகம் வேறு. இதை ஒரே அச்சில் வார்ப்பது அசம்பாவிதம்.

பழைய வேலை தெரிந்த கைகள் இப்போது எங்கே என்று சிலர் கையை விரிக்கிறார்கள். அவர்களை நாம் ஓரிக்கைக்கு அழைக்கிறோம். நகரத்தின் தென்கோடியில், பாலாற்றங்கரைப் பக்கம், காஞ்சிப் பெரியவருக்கு எழுப்பிய மணிமண்டபம் நம் கண்முன்னே கட்டப்பட்டது. 2011-ல் கும்பாபிஷேகம் நடந்தது. முழுவதும் கல். தூணும் விமானமும் பழைய முறைப்படியே செதுக்கப்பட்டவை. கருங்கல்லில் இத்தகைய வேலை செய்யக்கூடிய ஸ்தபதிகள் நம்மிடையே இருக்க, ஒரு மரத்தூணைப் பழுதுபார்க்கவும் சுண்ணாம்புச் சாந்து பூசவும் ஆள் கிடைக்காதென்பது நம்பத்தக்கதன்று. ஆளில்லை என்பதைவிட, கேட்பாரில்லை என்பதே உண்மைக்கு அருகில்.

ஓரிக்கையின் பெயருக்கே ஒரு கதையுண்டு, நேயர்கள் அறிந்ததுதான். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். சீடன் போனதும் ஆழ்வார் புறப்பட்டார். ஆழ்வார் சொல்லக் கேட்டுப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடம் ஓரிரவிருக்கை, அதுவே மருவி ஓரிக்கை. ஊர் இருண்டு பொலிவிழந்தபின் அரசன் ஓடிவந்து மன்றாடினான் என்பர். அரசன் துரத்த எண்ணியது ஒரு சாமானியனை மட்டுந்தான். அவனோடு ஊரின் சோபையே போய்விடுமென்று அவன் கணக்குப் போடவில்லை. காஞ்சியின் கடை முதலாளிகளும் நகரத் தலைவர்களும் இக்கதையைப் பக்திக்காக மாத்திரம் கேட்டால் போதாது.

ஏனெனில் இவ்வூரைவிட்டுப் போகிறவன் இப்போது நெசவாளி. 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, தேசத்தில் கைத்தறியையும் அதைச் சார்ந்த வேலைகளையும் நம்பியிருப்போர் 35.22 லட்சம் பேர். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதிப்பவை. கோர்வைச் சேலை என்பது உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், தனித்தனி நாடா போட்டு, இழைக்கு இழை கோத்து நெய்வது. ஒரு தறிக்கு இருவர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளைத் தேடி அலையும் நெசவாளி, தன் மகன் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறுவதை வாசலில் நின்று பார்க்கிறான். அவனைக் குறை கூறுவதற்கில்லை.

இந்நிலையில் கடையின் பெயர்ப் பலகை என்ன சொல்கிறது? எல்லாக் கடையும் "அசல் காஞ்சிபுரம் பட்டு" என்கிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ல் கிடைத்தது. பொய்யான குறியீட்டுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் 1999-ம் வருஷத்துச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. 1985-ம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் விசைத்தறிக்கு விலக்கப்பட்ட 11 வகைகளில் சேலையும் ஒன்று. 2004-ல் பட்டு முத்திரை வந்தது. 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது. இத்தனையும் இருந்தும், வீதியில் நிற்கும் வாடிக்கைக்காரனுக்கு இந்தக் கடையில் கைத்தறி எது, விசைத்தறி எது என்பது முகப்பைப் பார்த்துத் தெரிவதில்லை. விசைத்தறிச் சேலை விற்பது ஒருபுறமிருக்கட்டும். அதைக் கைத்தறியென்று விற்பதைத்தான் நாம் கேட்கிறோம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, பொய் பலகையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முகப்புச் சீர்திருத்தத்தைவிட நல்ல தருணம் ஏது?

பாஷை விஷயமும் இதோடு சேர்ந்தது. தமிழ் முதலாவதாகவும் பெரிதாகவும், ஆங்கிலம் அடுத்தும், பிற மொழி அதற்கடுத்தும், 5, 3, 2 என்ற விகிதத்தில் பெயர்ப்பலகை அமையவேண்டுமென்பது நம் ராஜ்யத்தின் விதி. காந்தி ரோட்டில் ஒரு முறை நடந்து எண்ணிப் பாருங்கள். விதியைத் தலைகீழாகப் படித்தவர்கள் எத்தனை பேரென்று தெரியும். 1905 ஆகஸ்டு 7-ல் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக அந்நாளைத் தேசியக் கைத்தறி நாளென்று 2015 முதல் கொண்டாடுகிறோம். அன்று ஒரு நாள் மட்டும் கடைவாசலில் தோரணம் கட்டி, மற்ற நாளெல்லாம் சுதேசிச் சரக்கின் பெயரையே ஆங்கில எழுத்தில் எழுதிவைப்பது விசித்திரமான சுதேசியம்.

கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காமாட்சியம்மன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் காஞ்சியில் நடக்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளர்களே அங்கத்தினராயுள்ள ஸ்தாபனங்கள். அவற்றின் சரக்கில் நம்பிக்கை வைத்து வாங்குவோர் அநேகர். ஆனால் அத்தகைய விற்பனை நிலையங்களின் முகப்போ பெரும்பாலும் சர்க்கார் ஆபீஸை நினைப்பூட்டுகிறது. உண்மை உள்ளவன் அழுக்குச் சட்டையிலும், பொய் சொல்பவன் சரிகை அங்கவஸ்திரத்திலும் நின்றால் கூட்டம் எந்தப் பக்கம் போகும்? திருத்தத்தை இந்தச் சங்கங்களின் வாசலிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதற்கு யாருடைய சம்மதமும் தேடி அலையவேண்டியதில்லை.

இனிச் செலவு. யார் கொடுப்பது? இதில் நமக்கு அருகிலேயே ஓர் அநுபவம் இருக்கிறது. புதுச்சேரியின் தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில், 2002 முதல் 2004 வரை, ஐரோப்பியக் கமிஷனின் உதவியோடு "இன்டாக்" ஸ்தாபனம் வீட்டு முகப்புகளைப் பழையபடி சீர்செய்தது. திண்ணையும் தாழ்வாரமும் திரும்பி வந்தன. 2008-ல் யுனெஸ்கோ அதற்குப் பரிசளித்தது. புதுச்சேரி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. நகர மண்டபமான மேரி கட்டிடம் கவனிப்பாரின்றி 2014-ல் இடிந்தே விழுந்தது, பிறகு புதிதாகக் கட்டவேண்டியதாயிற்று. எனினும் வைசியாள் வீதியின் பாடம் தெளிவானது. முழு வீதியாக எடுத்துக்கொண்டார்கள், வீட்டுக்காரரைக் கூட்டாளியாக்கினார்கள், இருந்ததைப் பழுதுபார்த்தார்கள்.

காஞ்சியில் ஒரு சிக்கல் அதிகம். கடை நடத்துபவன் ஒருவன், கட்டிடம் ஒருவனுடையது, மனை கோயிலுடையதோ மடத்துடையதோ. அறநிலையச் சட்டப்படி ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குக் கமிஷனரின் அநுமதி வேண்டும். நாளை இருப்போமோ என்று தெரியாத குடிக்கூலிக்காரன் இன்று தூணுக்குச் செலவிடுவானா? அவனுக்குப் பத்து வருஷம் உறுதி கொடுத்தால் செய்வான். இந்த உறுதி இல்லாமல் மானியம் மட்டும் கொடுத்தால் என்ன நேரும் என்பதைப் பினாங்குத் தமிழர்கள் சொல்வார்கள். ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ல் நீங்கியது. 2008-ல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக்கியது. கட்டிடங்கள் பிழைத்தன. அவற்றில் தலைமுறையாகத் தொழில் செய்து வாழ்ந்த பல குடும்பங்கள் வாடகை தாங்காமல் வெளியேறின. அந்த வீடுகளில் ஓட்டல்களும் காப்பிக் கடைகளும் புகுந்தன. நம் ராஜ்யத்திலும் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 முதல் அமலிலிருக்கிறது. அதன்படி வாடகை உடன்படிக்கையைப் பொறுத்தது. முகப்பு அழகானால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் நூல் கடையும் சரிகைக் கடையும் நாடா பழுதுபார்ப்பவனும் முதலில் போவார்கள். ஆகவே பொதுப் பணம் வாங்கும் கட்டிடத்துக்காரர் குறிப்பிட்ட வருஷம் வரை குடிக்கூலிக்காரரை வெளியேற்றுவதில்லை, வாடகையை மிதமிஞ்சி உயர்த்துவதில்லை என்று எழுதிக்கொடுக்கவேண்டும். இந்த நிபந்தனையில்லாத மானியத்தை நாம் எதிர்ப்போம்.

நடைபாதை வியாபாரியையும் மறப்பதற்கில்லை. வீதியை அழகுபடுத்தப் புறப்படும் அதிகாரிகளின் கண்ணில் முதலில் உறுத்துபவள் பூக்காரிதான். 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் அவளுக்கு உரிமை தருகிறது. தாழ்வாரம் திரும்பினால் அவளுக்கும் அதில் நிழல் உண்டு.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பாரம்பரியக் கமிஷன் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டுப் பல வருஷங்கள் ஏட்டிலேயே உறங்கிற்று. வைகுண்டப் பெருமாள் கோயிலையும் கைலாசநாதர் கோயிலையும் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டிடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அநுமதியோடுதான் கட்டலாம் என்று தொல்பொருள் சட்டம் 2010 முதல் தடுக்கிறது. ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டுச் செய்யவேண்டியது என்ன என்று சொல்லாத சட்டத்தை ஜனங்கள் இரவில் கட்டி மீறுகிறார்கள். அந்தக் கட்டளையைச் சொல்லவேண்டியவர்கள் மாநகராட்சியார். 2021-ல் மாநகராட்சி அந்தஸ்து பெற்ற காஞ்சி, தன் பழைய வீதிகளுக்கென்று முகப்பு விதி ஒன்றைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் கொடுக்கலாம்: தாழ்வாரத்தின் உயரம் என்ன, பலகையின் அளவு என்ன, எந்தத் தகடு கூடாது, கைத்தறிக் கடை தன் முத்திரையை எங்கே காட்டவேண்டும் என்று. பத்துப் பக்கத்துக்கு மேல் ஆகாது.

ஆரம்பத்துக்கு ஒரே வீதி போதும். வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதர் கருட வாகனத்தில் சின்னக் காஞ்சியிலிருந்து பெரிய காஞ்சிக்கு எழுந்தருளும் வழியில், ஒரு நூறு கஜ நீளத்தைத் தேர்ந்தெடுத்து, கடைக்காரர், கட்டிடத்துக்காரர், கூட்டுறவுச் சங்கம், நெசவாளர் ஆகிய நால்வரையும் ஒரு மேஜையில் உட்கார்த்திச் செலவைப் பங்கிடட்டும். குடைக்கு இடிக்கும்படி வீதிக்குள் நீண்டு நிற்கும் பலகைகளைக் கழற்றும் வேலையை மாநகராட்சி அதற்குக் காத்திராமலே செய்யலாம். அதற்கு அதிகாரமும் உண்டு, ஏணியும் உண்டு.